தேவிப்பிரியா போட்ட பதினாலு

ஒரகடம் போகிற ரோட்டில் நாற்பது படுக்கை வைத்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது மாடியில் தலைக்காய வார்டு. அங்கே பன்னிரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவள் பென்னலூர் தேவிப்பிரியா. வயது முப்பத்தைந்து. புருஷன் வசந்த் டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் ஏழாவது படிக்கிறாள். இந்த அம்மா ஊசி போட்டால் வலிக்காது என்று வார்டில் பெயர். கூடவே 'கேள்வி சிஸ்டர்' என்று கேலிப் பெயரும் உண்டு.

கேலிப் பெயருக்குக் காரணம் அவள் வேலைதான். நெஞ்சுக்கு ஒரு மெஷின் கோடு போட்டுக் காட்டும். ரத்தத்துக்கு ஒரு மெஷின் நம்பர் காட்டும். மூளை மட்டும் கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி, நாமாகப் போய் விசாரித்தால்தான் வாயைத் திறக்கும். ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேன் எடுத்த அடுத்த நிமிஷம் உள்ளே ரத்தம் கசிந்தால் அந்தப் படத்துக்குத் தெரியவா போகிறது? டாக்டர் காலையில் ஒரு தரம் வருவார், மாலையில் ஒரு தரம் வருவார். நடுவில் மணிக்கொரு தரம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணைத் திறக்கிறானா, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறானா, கேட்டதற்குப் புத்தியாகப் பதில் சொல்கிறானா என்று பார்த்து மார்க் போடுவது நர்ஸ்தான். முழு மார்க் பதினைந்து. அதில் பேச்சுக்கு ஐந்து. உங்கள் பெயர் என்ன, இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க வேண்டும். மூன்றும் சரியாக வந்தால் ஐந்து, குழப்பமாக வந்தால் நாலு. முன்பு போட்டதைவிட ஒரு மார்க் குறைந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது அந்த வார்டின் சட்டம். குறையாவிட்டால் பயமில்லை.

இந்தக் கேள்விகளை எங்கேயோ எழுதியவர்களுக்கு ஒரகடத்தைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் தேவிப்பிரியா. பிறந்து வளர்ந்ததே இந்தக் கம்பெனிகளுக்கு நடுவில்தான். கேள்விகளில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, போன வருஷம் ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்று வரும்வரை.

அன்று காலை ஏழு மணிக்குச் சுடலையைக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், இருபத்தாறு வயது. கார் சீட் தைக்கிற கம்பெனியில் சேர்ந்து இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஒரே ரூமில் தங்கியிருந்த அருள்பாண்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திடீரென்று திரும்ப, அருள்பாண்டி பிரேக் போட, சுடலை தூக்கி எறியப்பட்டான். ஹெல்மெட் ஓட்டியவன் தலையில் இருந்தது. ஸ்கேனில் மெல்லியதாக ஒரு கசிவு தெரிந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மணிக்கொரு தரம் கவனியுங்கள் என்று எழுதிவிட்டு டாக்டர் சாம்சன் கீழே போனார்.

எட்டு மணிக்குத் தேவிப்பிரியா முதல் தடவை கேட்டாள். பெயரைச் சட்டென்று சொன்னான். எந்த ஊரில் இருக்கிறோம் என்றதற்கு, ரூமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றான். ரூம் எந்த ஊரில்? தெரியவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த மாடி, கீழே கோழிக்கடை என்றான். இன்றைக்கு என்ன கிழமை? செவ்வாய் என்றான். தேவிப்பிரியா பேச்சுக்கு நாலு போட்டாள். கண்ணுக்கும் கைக்கும் முழு மார்க், ஆக மொத்தம் பதினாலு.

ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் அதே பதில், அதே பதினாலு. பதினோரு மணிக்கு அவன் கட்டிலுக்குக் கீழே குனிந்து சேஃப்டி ஷூவைத் தேடினான். கம்பெனி லைன் ஓடுகிறதே, என் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டான். குழப்பம்தான். ஆனால் காலையிலிருந்தே குழப்பம்தானே? குழப்பத்துக்கு நாலு, மொத்தம் பதினாலு. பன்னிரண்டு மணிக்கு அவளையே லைன் லீடர் என்று நினைத்துக்கொண்டு லீவு கேட்டான். அதற்கும் பதினாலு. தலை வலிக்கிறதா என்று அவள் ஒவ்வொரு தரமும் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அவன் ஒவ்வொரு தரமும் சொன்னான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகாத காஷுவல் தொழிலாளி யார் கேட்டாலும் அந்தப் பதிலைத்தான் சொல்வான். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, பதினாலு, காலையிலிருந்து மாற்றமில்லை என்று ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மூன்றரை மணிக்கு அவனுக்கு வலிப்பு வந்தது. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கிவிட்டது. வலது கையும் ஞாபகமும் முன்னைப்போல் திரும்பவில்லை.

மறுநாள் ஊரிலிருந்து அவன் மனைவி பூமாரி வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. டாக்டர் சாம்சன் சார்ட்டை அவளிடம் காட்டி, உங்கள் வீட்டுக்காரர் மத்தியானம் வரைக்கும் ஒரே சீராகத்தான் இருந்தார், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, திடீரென்று ஆகிவிட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சார்ட் அப்படித்தான் சொன்னது. பக்கத்தில் நின்ற தேவிப்பிரியாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பத்து நாள் போயிருக்கும். அவளுக்கு வார லீவு, வசந்துக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட உட்கார்ந்தவனுக்கு இரண்டு தோசையும் ஒரு ஆம்லெட்டும் வைத்தாள். அவன் தட்டைத் தள்ளினான்.

"இன்னா தேவி, வெள்ளிக்கெயம அதுவுமா முட்டைய வெச்சிகினு கீற?"

சனிக்கிழமை பொழுது விடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது என்றாள் அவள். வசந்த் சிரித்தான்.

"நான் வேலைக்குப் போசொல்லோ வெள்ளி. இன்னும் தூங்கவே இல்ல. படுத்து எய்ந்தாத்தான் எனக்கு சனி."

சிரித்தபடி தோசைக்கல்லுக்குத் திரும்பியவளுக்கு அடுத்த தோசையை ஊற்றக் கை வரவில்லை. செவ்வாய் என்று சொன்னவன் ஞாபகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரூமைப் பூட்டிக்கொண்டு போனவன், இரவு முழுக்கத் தைத்துவிட்டு, கண் மூடாமல் அவள் முன்னால் வந்து படுத்திருக்கிறான். அவனுக்கு எப்படிப் புதன் பிறக்கும்? கல் புகைய ஆரம்பித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அருள்பாண்டிக்குப் போன் போட்டு, உங்கள் ரூம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டாள். சேரப்பணஞ்சேரி என்றான். வந்த புதிதில் தெரியுமா என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, தூக்கத்தோடு பஸ்ஸில் ஏறித் தூக்கத்தோடு இறங்குகிற ஆளுக்கு ஊர்ப் பெயர் எதற்கு, கோழிக்கடை ஸ்டாப் என்றால் டிரைவர் நிறுத்திவிடுவார், ஆதாரில் விலாசம் மாற்றப் போன அன்றைக்குத்தான் எனக்கே பெயர் தெரிந்தது என்றான்.

எட்டு மணிக்குச் சுடலை சொன்னதில் தப்பே இல்லை. அவன் முழுப் புத்தியோடு இருந்தான். போட்டிருக்க வேண்டியது பதினைந்து. அப்படிப் போட்டிருந்தால், பதினோரு மணிக்கு அவன் ஷூவைத் தேடியபோது பதினாலாகக் குறைந்திருக்கும். அவள் ஓடியிருப்பாள். நாலரை மணி நேரம் கையில் இருந்திருக்கும். அவள் முதலிலேயே ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டதால் நிஜமாகவே குறைந்தபோது குறைய இடமில்லாமல் போயிற்று. தேவிப்பிரியா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி இன்னும் எத்தனை பேருக்குப் போட்டேனோ என்ற நினைப்பு வந்ததும் அழுகையும் நின்றுவிட்டது. பயம்தான் மிஞ்சியது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தாளோ என்னவோ, கூடப் படித்த சுவாதியைத் தேடிப் போனாள். சுவாதி தண்டலம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இது உன் மனசாட்சியோடு தீர்கிற விஷயமில்லை, ஆராய்ச்சியாகச் செய்ய வேண்டிய விஷயம் என்றாள் சுவாதி. தலையில் அடியே படாத, நல்ல ஆரோக்கியமான தொழிலாளர்களிடம் அதே மூன்று கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம், எத்தனை பேர் தப்பாகச் சொல்கிறார்கள் என்று எண்ணுவோம் என்றாள்.

ஆராய்ச்சி என்றால் ஏதோ கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்க வேண்டாம். கோழிக்கடை ஸ்டாப்பில் காலை ஏழு மணிக்கு ஒரு அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு நிற்பதுதான் ஆராய்ச்சி. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை மறித்து, தம்பி இன்னைக்கு இன்னா கிழமை, இது எந்த ஊரு என்று கேட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், அந்த அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒருவன் அவளைக் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடப் பார்த்தான். இன்னொருவன் வோட்டர் லிஸ்டுக்கா என்று கேட்டுவிட்டு நழுவினான். அருள்பாண்டி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்து நின்று, நம்ம சிஸ்டர்தான் பயப்படாதீங்க என்று ஆள் பிடித்துக் கொடுத்தான். அவன் மனதிலும் அந்தப் பிரேக் உறுத்திக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் நூற்று இருபது பேர். அத்தனை பேரும் திடகாத்திரமான ஆட்கள். அதில் நாற்பத்தாறு பேர் கிழமையைத் தப்பாகச் சொன்னார்கள். முப்பத்தொரு பேருக்குத் தங்கியிருக்கும் ஊரின் பெயர் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டப்படி பார்த்தால் அந்த ஸ்டாப்பில் பாதிப் பேரை ஸ்ட்ரெச்சரில் ஏற்ற வேண்டும். கிழமைய விடுங்க, ஷிப்ட கேளுங்க, ஒருத்தனும் தப்பாச் சொல்ல மாட்டான் என்று அருள்பாண்டிதான் வழி காட்டினான். இந்த வாரம் எந்த ஷிப்ட், உங்கள் கம்பெனி பஸ் நம்பர் என்ன, லைன் லீடர் பெயர் என்ன, கடைசியாக கேன்டீனில் என்ன போட்டார்கள் என்று புதிய கேள்விகள் தயாராயின. சரியான பதிலைக் கூட வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். வார்டில் ஆறு மாதம் பழைய கேள்வியையும் புதிய கேள்வியையும் சேர்த்தே கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குப் பழைய மார்க் அசையாமல் இருந்தபோது புதியது குறைந்தது. இரண்டு பேரும் நேரத்தோடு ஆபரேஷனுக்குப் போய், நடந்தே வீடு திரும்பினார்கள்.

எழுதி முடித்த கட்டுரையை டாக்டர் சாம்சன் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். நாளையிலிருந்தே வார்டில் பழைய கேள்விகளுக்குப் பதில் இவற்றையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, சுடலையின் கதை இருந்த பத்தியில் விரலை வைத்தார்.

"இத மட்டும் எடுத்துடு தேவி. ஆஸ்பத்திரி பேர விடு, நாளைக்கு உன் வேலைக்கே ஆபத்து. இது இல்லாமலே ஸ்டடி நிக்குது."

சுவாதியும் அதையேதான் சொன்னாள். அந்தப் பத்தியைப் போடுவதென்றால் பூமாரியிடம் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்துவிட்டால் அதுவும் வேண்டாம். தேவிப்பிரியா எடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று உறுத்தியது, ஆனாலும் ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குப் பூமாரி சுடலையை அழைத்து வந்திருந்தாள். பூமாரி இப்போது சேரப்பணஞ்சேரியில் அதே மஞ்சள் மாடியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். வராந்தாவில் அவன் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். அவள் போட்டுவிட்டபடியே ஏசிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான இருந்திருக்கீக. சீட்டுல எழுதிருக்கில்லா. வாயத் தொறக்காம கெடந்து நம்ம ரெண்டு பேரு பொழப்பையும் கெடுத்துட்டீகளே."

சுடலை தலையைக் குனிந்துகொண்டு, "எந் தப்புதான்" என்றான். ஏசுகிறாளே என்று சமாதானத்துக்குச் சொன்ன மாதிரி இல்லை. மனப்பாடமாகச் சொன்னான்.

மருந்து டிரேயோடு போய்க்கொண்டிருந்த தேவிப்பிரியா அங்கேயே நின்றுவிட்டாள். சீட்டில் எழுதியது அவள் கை. அவள் போட்ட பதினாலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஒரு வருஷமாகப் புருஷனை ஏசுகிறாள். கேட்டுக்கொள்கிறவன் அதை நம்புகிறான். மூளையைக் கெடுத்தது போதாதென்று அவன் மானத்தையும் நான்தான் கெடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மஞ்சள் மாடிக்குப் போனாள். போகாதே என்று வசந்த் சொல்லவில்லை. வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பூமாரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுடலை சுவரோரமாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தேவிப்பிரியா நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, எட்டு மணிக் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, செவ்வாய், கோழிக்கடை, ஷூவைத் தேடியது, லீவு கேட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சார்ட்டைக் காட்டியபோது நானும் தலையாட்டினேன் என்பதையும் சொன்னாள்.

நடுவில் அடுப்பில் உலை கொதித்து மூடி தூக்கியதும் பூமாரி எழுந்து போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"அப்பம் பதினோரு மணிக்கே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கணும்மா."

"இவுக நல்லா இருந்திருப்பாகளா?"

"சத்தியம் பண்ண முடியாது. நல்லா இருந்திருக்க நெறைய வாய்ப்பு இருந்துச்சு. அத நான்தான் கெடுத்தேன்."

பூமாரி கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் தேவிப்பிரியா. எது நடந்தாலும் சுமை இறங்கிவிடும் என்றும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பூமாரி கத்தவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கிட்ட சொன்னது இருக்கட்டும் சிஸ்டர். இவுககிட்ட சொல்லுங்க."

தேவிப்பிரியா சுடலையின் பக்கமாக நகர்ந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். தம்பி, அன்னைக்கு நீங்க சொன்ன பதில் எல்லாம் கரெக்ட், தப்பா மார்க் போட்டது நான், தப்பு என்னுது என்றாள். அவன் கவனமாகக் கேட்டான். சரி சிஸ்டர் என்றான். பூமாரி மூன்று பேருக்கும் டீ போட்டாள். டீ குடித்து முடித்ததும் பூமாரி அவனைப் பார்த்து, உங்களுக்கு ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டாள்.

"வலிச்சுது, நான் சொல்லல. எந் தப்புதான்."

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த மாதிரிக் காயத்தில் புதிதாகக் கேட்டது தங்காது, தினம் தினம் கேட்டது மட்டும் எப்படியோ ஊறி உட்கார்ந்துவிடும் என்பது தேவிப்பிரியாவுக்குத் தெரிந்த பாடம்தான். பாடத்தில் படிக்கும்போது அது இவ்வளவு கொடூரமாகத் தெரிந்ததில்லை.

இதைக் கட்டுரையில் போடக் கையெழுத்து வேண்டும் என்று தேவிப்பிரியா சொன்னாளே தவிர, அதற்கான காகிதத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. பூமாரியே கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு வருசமா நான் தெனமும் ஏசி ஏசி இவுக மண்டையில ஏத்தி வச்சிருக்கேன். ஒரு தடவ சொன்னா எறங்காது. நீங்க தெனமும் வந்து சொல்லுங்க. எந் தப்பு இல்லன்னு இவுக வாயால என்னைக்கு வருதோ, அன்னைக்குக் கையெழுத்துப் போடுதேன்."

தேவிப்பிரியா சரி என்றாள். மறுநாள் டாக்டர் சாம்சனிடம் போய், எடுத்த பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், குடும்பத்திடம் சொல்லிவிட்டேன், கையெழுத்து வரும்வரை கட்டுரை எங்கேயும் போகாது என்றாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை அவளுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. வரலாம். ஒவ்வொரு நாளும் டியூட்டிக்குப் போகும்போது அந்தப் பயம் கூடவே போகிறது. வார்டில் மற்ற நர்ஸ்கள் ஷிப்டும் பஸ் நம்பரும் கேட்டு மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அவள் கோழிக்கடை ஸ்டாப்பில் இறங்குகிறாள். பூமாரி வேலைக்குப் போயிருப்பாள். கதவைத் திறக்கிற சுடலைக்கு ஒவ்வொரு நாளும் அவள் புது ஆள். யார் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய், தரையில் உட்கார்ந்து, எட்டு மணியிலிருந்து ஆரம்பிக்கிறாள். நீங்க சொன்னது எல்லாம் சரி தம்பி, தப்பு என்னுது என்று முடிக்கும்போது இப்போதும் அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது.

நேற்று நாற்பத்தோராவது நாள். சொல்லி முடித்தவள் கண்ணைத் துடைப்பதைச் சுடலை பார்த்தான். எழுந்து போய் இடது கையால் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"அழாதீங்க சிஸ்டர். உங்க தப்பு என்ன இருக்கு? வலிச்சுது, நாந்தான் சொல்லல."